கூரை ஒழுகினால் எங்கே தொடங்குவது? சிங்கப்பூர் வீட்டுக்காரர்களுக்கான வழிகாட்டி

கூரையை மாற்றவேண்டும் என்று கூரை வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் ஒருவர் சொன்னதும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு ஆகும் என்பது. இரண்டாவது, ஓடு என்ன நிறம் என்பது. இரண்டுமே கடைசியாகக் கேட்கவேண்டியவை. நல்ல சுட்ட களிமண் ஓடு பல பத்தாண்டுகள் தாங்கும். அதற்கு முன்பே கெட்டுப்போவது அதைச் சுமக்கும் ரீப்பர் கட்டை, துருப்பிடித்த ஆணி, ஓட்டுக்கடியில் நீரைத் தடுக்க விரித்து இப்போது கிழிந்துபோன அடித்தாள், கூரையும் சுவரும் சேரும் இடைவெளியை மூடும் தகட்டுப் பட்டை. கண்ணுக்குத் தெரியும் ஓட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, தெரியாத அடிப்பாகத்தை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த டிசம்பரில் மறுபடியும் வாளி வைக்கவேண்டியதுதான்.

இங்கே விழும் மழை அப்படிப்பட்டது. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டில் 171 நாட்கள் மழை நாட்கள். மழை இல்லாத வேளையில் வெயில் ஓட்டைக் காய்ச்சுகிறது. இப்படிச் சூடேறுவதும் சட்டென்று குளிர்வதும் மாறி மாறி நடப்பதால், சிமெண்டுப் பூச்சும் ரப்பர் வாஷரும் சிலிக்கோனும் விரைவில் வெடிக்கின்றன.

1. அது உங்கள் கூரைதானா?

சிரிக்காதீர்கள், இந்தக் கேள்வியிலேயே பலருக்குச் செலவு மிச்சமாகிவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மேல்மாடியில் இருக்கிறீர்கள், சீலிங்கில் மழைக்கறை தெரிகிறது என்றால், புளோக்கின் கூரை பொதுச்சொத்து. அதைப் பராமரிப்பது நகர மன்றம். மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தின் ஒரு பகுதி, கூரையைப் புதுப்பிப்பது போன்ற பெரிய சுழற்சிப் பணிகளுக்கான நிதியில்தான் சேர்கிறது. ஆகவே நீங்களே ஆளைக் கூப்பிட்டு மொட்டை மாடிக்கு ஏற்றாதீர்கள். நகர மன்றத்தில் எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். ஒன்சர்விஸ் செயலியிலும் படத்தோடு அனுப்பலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடி அல்ல, நடு மாடி என்றால் கூரைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. மேல்வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து இறங்கும் கசிவை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து சரிசெய்யவேண்டும். வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் கழகம் பாதிச் செலவை ஏற்கிறது. மீதியை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

கொண்டோமினியத்தில் கூரை பொதுவாக நிர்வாகக் குழுவின் பொறுப்பு. ஆனால் பென்ட்ஹவுஸ் வாங்கியவர்களும், தரைவீடு போலத் தோன்றும் கிளஸ்டர் வீட்டில் இருப்பவர்களும் தங்கள் கூட்டுரிமை வரைபடத்தை (ஸ்ட்ராட்டா பிளான்) எடுத்துப் பார்க்கவேண்டும். கூரையும் மேல்தளமும் யார் பங்கில் இருக்கின்றன என்று அதில் இருக்கும். கொண்டோவில் ஒரு வீட்டுச் சீலிங்கிலிருந்து நீர் கசிந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை காரணம் மேல்வீடே என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. புது வீடாக இருந்தால் முதல் 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் கட்டுமான நிறுவனத்திடம் போய்விடுங்கள்.

மிஞ்சுவது தனித் தரைவீடு: டெரஸ், செமி டி, பங்களா. இங்கே ஓட்டிலிருந்து சாக்கடை வரைக்கும் எல்லாம் உங்கள் தலையில். இனி வருவதெல்லாம் பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

2. நீர் எங்கிருந்து வருகிறது?

நான் மிக அதிகம் வலியுறுத்தும் படி இதுதான். பொறுமையில்லாமல் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் தேவையில்லாத கூரையை வாங்குகிறார்கள்.

முதலில் ஒரு தாளை எடுத்து, எப்போதெல்லாம் ஒழுகுகிறது என்று இரண்டு மூன்று வாரம் எழுதுங்கள். மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறதா? அப்படியானால் சந்தேகம் குளிர்சாதனக் குழாய்மீது. அடைத்துக்கொண்ட வடிகுழாயும், உறை கிழிந்து வியர்க்கும் செப்புக் குழாயும் சீலிங்கில் விடும் கறை, மழைக்கறை போலவேதான் இருக்கும். பழைய வீடுகளில் கூரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதையும் பாருங்கள். எந்த மழைக்கும் ஒழுகுகிறதா, காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழைக்கு மட்டும்தானா? சாய்மழைக்கு மட்டும் என்றால் ஓட்டைவிடச் சுவர் விரிசலும் ஜன்னல் மேற்சட்டமும் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மழை பெய்து வெகு நேரம் கழித்துத்தான் சொட்ட ஆரம்பிக்கிறதா? கான்கிரீட் தளத்தில் நீர் தேங்கி, மெதுவாக இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றல்ல. ஓட்டுக்குக் கீழே இறங்கும் நீர் அடித்தாளின் மேலோ கைமரத்தின் ஓரமாகவோ பல அடி ஓடி, ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் சொட்டும். வரவேற்பறையில் வாளி வைத்திருப்பீர்கள்; ஓட்டை முகட்டோரத்தில் இருக்கும்.

ஓடுகள் மீன் செதிள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பவை. ஆகவே வெறும் சரிவின் நடுவில் நீர் நுழைவது குறைவு. பார்க்கவேண்டியது அந்த ஒழுங்கு குலையும் இடங்களை: முகட்டு ஓட்டின் சிமெண்டு, இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தின் தகடு, பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரும் கூரையும் சந்திக்கும் ஓரம், கூரையைத் துளைத்து வெளியே வரும் குழாய், வானொளிக் கண்ணாடி, பின்பக்கம் பிற்காலத்தில் ஒட்டவைத்த சமையலறைக் கூரை. டெரஸ் வீடுகளில் என் முதல் சந்தேகம் எப்போதும் பகிர்சுவர் ஓரத்தின்மீது. அங்கே தகட்டுப் பட்டையைச் சுவருக்குள் வெட்டிச் செருகாமல், மேலே சிலிக்கோனைத் தடவிவிட்டுப் போயிருப்பார்கள்.

குழாய்த் தண்ணீர்ச் சோதனை எளியது, ஆனால் அவசரத்துக்கு ஒத்துவராது. ஒருவர் வீட்டுக்குள் டார்ச்சோடு நிற்க, பாதுகாப்புக் கயிறு கட்டிய பணியாளர் மேலே கூரையின் அடியோரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியாகப் பல நிமிடம் நனைத்து மேலே போகவேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் நனைந்துவிடும், எங்கே நுழைந்தது என்று தெரியாது. தட்டைக் கான்கிரீட் தளத்துக்கு, வடிகாலை அடைத்து நீரைத் தேக்கி ஒரு நாளுக்கு மேல் விட்டுப் பார்ப்பார்கள். வெப்பப் படக் கருவியும் ஈரமானியும் உதவும். கருவி ஈரம் இருக்கும் இடத்தைத்தான் காட்டும். நுழையும் இடத்தை மனிதர்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

நீங்களே ஏணி போட்டு ஏறாதீர்கள். அறுபது வயதைத் தாண்டிய நம் மாமாக்கள் சிலருக்கு இது மானப்பிரச்சினை. பாசி பிடித்த ஓடு வழுக்கும்; பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு அட்டை மனித எடையைத் தாங்காமல் உடையும். கீழே நின்றே கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுக்கலாம். சீலிங்கில் ஆள் நுழையும் துவாரம் இருந்தால் பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள். வெளிச்சம் ஊசியாய் வந்தால் அங்கே இடைவெளி உண்டு. கட்டையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே கூடாகி உடைந்தால் கரையான், மெத்தென்று இறங்கினால் உளுப்பு.

3. காற்று அடித்த மறுநாள்

ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் விடியற்காலைகளில் வரும் சுமத்ரா காற்றுக்குக் கூரைகள்மேல் தனிக் கோபம். 2024 செப்டம்பர் 17 அன்று தெங்காவில் காற்று மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25இல் பதிவான 144.4 கிலோமீட்டர்தான் இதுவரை உச்சம். புயலே வராத ஊர் என்று நினைத்துக்கொண்டு ஓட்டைக் கட்டாமல் வெறுமனே அடுக்கிவைக்கும் பழக்கம் ஆபத்தானது.

சேதம் நடந்தால் முதலில் விளக்குகளுக்கான மின்சுற்றை அணையுங்கள். நீர் நிரம்பிச் சீலிங் அட்டை வயிறு தள்ளியிருந்தால், கீழே வாளி வைத்துச் சிறு துளையிட்டு வடியவிடுங்கள். இல்லாவிட்டால் முழு அட்டையும் விழும். பிறகு படங்கள், தேதி தெரியும்படி. அதன்பின்தான் தார்ப்பாய்.

காப்புறுதியைப் பொறுத்தவரை ஆவணத்தை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். திடீரென அடித்த காற்றுக்கு ஒரு விதி, வருடக்கணக்கில் மெதுவாக ஊறிய கசிவுக்கு வேறு விதி. பிந்தையதைப் பொதுவாகத் தேய்மானம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். மறுநாளே எடுத்த படம் அதனால்தான் முக்கியம்.

இன்னொன்று: அழைக்காமலேயே வாசலில் வந்து, "உங்கள் கூரை ஓடு நகர்ந்திருக்கிறது, ஏறிப் பார்க்கட்டுமா?" என்று கேட்பவரை ஏற்றாதீர்கள். ஏறியபின் ஓடு நிச்சயமாக நகர்ந்திருக்கும்.

4. ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா?

நாலைந்து ஓடு உடைந்திருக்கிறது, கட்டை உறுதியாக இருக்கிறது, கசிவு ஓரிடத்தில்தான் என்றால் பழுதுபார்ப்பு போதும். பகிர்சுவர்த் தகட்டை ஒழுங்காகப் போட்டாலே பாதி வீடுகளின் தொல்லை தீரும் என்பது என் எண்ணம்.

மாற்றவேண்டிய அறிகுறிகள் வேறு. தெருவிலிருந்து பார்க்கும்போது முகட்டுக் கோடு தொய்ந்திருப்பது, ஒரே நேரத்தில் பல அறைகளில் கறை, தொட்டால் பொடியாகும் அடித்தாள், பல இடங்களில் உளுத்த ரீப்பர், ஒரே கூரையில் வருடத்துக்கு வருடம் இடம் மாறும் கசிவு. உலோகக் கூரையில் என்றால், திருகுகளைச் சுற்றித் துரு வளையம். தகடு நன்றாக இருந்து, திருகின் ரப்பர் வாஷர் மட்டும் வெயிலில் வெடித்திருந்தால், திருகுகளை மட்டும் மாற்றினாலே இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். அதைச் சொல்லாமல் புதுக் கூரைக்கு விலை சொல்பவர் உங்களுக்காக வேலை செய்யவில்லை.

மேலே ஒரு கோட்டிங் அடித்தால் போதும் என்பதையும் அளவோடு நம்புங்கள். உறுதியான கான்கிரீட் தளத்தின்மேல், ஒழுங்காகச் சுத்தம் செய்து, கைப்பிடிச் சுவர்வரை ஏற்றிப் பூசிய மெம்பிரேன் (நீர்த்தடுப்புப் படலம்) வேலை செய்யும். நகர்ந்து நகர்ந்து விரிந்து சுருங்கும் ஓட்டின்மேல் தெளிக்கும் பூச்சு அழகுக்குத்தான். கீழிருந்து விரிசலில் ஊசி போட்டு அடைக்கும் முறையும் அப்படியே. ஒரு விரிசலை மூடினால், மேலே தேங்கி நிற்கும் நீர் அடுத்த விரிசலைத் தேடும்.

5. வீடு 1991க்கு முந்தையதா?

செராங்கூன் கார்டன்ஸ் போன்ற ஐம்பதுகளின் பேட்டைகளில் தொடங்கி எண்பதுகளின் டெரஸ் வீடுகள் வரை, அலை அலையான சாம்பல் நிறக் கூரை அட்டைகளும் சில சீலிங் அட்டைகளும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கக்கூடும். கட்டடப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸைப் பயன்படுத்துவதற்கு இங்கே 1989இல் தடை வந்தது. 1991 ஜனவரி 1க்கு முன் கட்டப்பட்ட வீட்டில் கூரையை அகற்றுவதற்கு முன், தகுதியுள்ளவர் ஆய்வு செய்து மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவேண்டும்.

இருக்கிறது என்று தெரிந்தால், மனிதவள அமைச்சு அங்கீகரித்த அகற்றும் நிறுவனம்தான் அதைத் தொடலாம்; வேலை தொடங்குமுன் அமைச்சுக்கு அறிவிக்கவும் வேண்டும். கழிவு சாதாரணக் குப்பை லாரியில் போகக்கூடாது. இவை செலவைக் கூட்டும்தான். ஆனால் முழுசாக இருக்கும் அட்டையால் உடனடி ஆபத்து குறைவு. அறுத்தாலும், துளைத்தாலும், பாசி போக்க உயரழுத்த நீரால் அடித்தாலும்தான் இழைகள் பறக்கின்றன. அவை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்து நோயாக வெளிப்படும். "சும்மா உடைச்சுப் போட்டுடலாம் பாஸ்" என்று சொல்பவரை அதோடு அனுப்பிவிடுங்கள்.

6. எதைப் போடுவது?

களிமண் ஓடும் கான்கிரீட் ஓடும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 முதல் 55 கிலோ எடை இருக்கும். உலோகத் தகடு ஏறக்குறைய 5 கிலோதான். இந்த வித்தியாசத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தகடு இருந்த இடத்தில் ஓடு போட்டால் சட்டங்கள் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பொறியாளர் கணக்குப் போடவேண்டும். ஓடு இருந்த இடத்தில் தகடு போட்டால் சுமை குறையும், ஆனால் இப்போது கூரையைக் காற்று தூக்காமல் பிடித்து வைக்கவேண்டும். ஓட்டின் எடை செய்த வேலையைத் திருகும் கட்டும் செய்யவேண்டும்.

சரிவு குறைவான கூரைக்கு ஓடு பொருந்தாது. நீர் ஓட்டுக்கடியில் ஏறிவிடும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சச் சரிவைக் கேளுங்கள். தகட்டுக் கூரையின் குறை மழைச்சத்தமும் நண்பகல் வெக்கையும். அடியில் கம்பளி போன்ற வெப்பக் காப்பும் பளபளக்கும் பிரதிபலிப்புத் தாளும் இல்லாமல் போட்டால், படுக்கையறையில் தொலைபேசியில் பேசமுடியாது. கடலோரமாக, ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சையும் துருப்பிடிக்காத திருகையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகட்டின்மேல் செப்புக் குழாயின் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் அரித்துவிடும். குளிர்சாதனக்காரர் வந்து போகும்போது இதைக் கவனிப்பார் யாருமில்லை.

சூரியசக்தித் தகடு போடும் எண்ணம் இருந்தால் கூரை வேலையை முதலில் முடியுங்கள். தகடுகள் சுமார் 25 ஆண்டு உழைக்கக்கூடியவை. பத்து ஆண்டே தாங்கும் கூரையின்மேல் அவற்றை ஏற்றினால், இடையில் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஏற்றும் கூலி உங்களுடையது.

7. அனுமதியும் அண்டை வீடும்

அதே வகை ஓட்டை மாற்றுவது ஒன்று. மரச்சட்டத்தை எஃகாக்குவது, கூரையை உயர்த்தி மேலறை எடுப்பது, கார் நிறுத்துமிடத்தின்மேல் புதுக் கூரை போடுவது வேறு. பிந்தைய வேலைகளுக்குத் தொழில்முறைப் பொறியாளரோ கட்டடக் கலைஞரோ தேவை. கட்டட, கட்டுமான ஆணையத்திடமோ நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமோ விண்ணப்பம் போகவேண்டியிருக்கலாம். தேவையில்லை என்று குத்தகையாளர் வாயால் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

லிட்டில் இந்தியா, எமரல்ட் ஹில், ஜூ சியாட் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு விதி கண்டிப்பானது. இயற்கை நிறத்தில், மெருகு பூசாத, வி வடிவச் சுடுமண் ஓடுதான். நீல ஓடு ஆசையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

டெரஸ் வீடு என்றால் வேலை தொடங்க இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய கூரை ஓரம், சீலிங், சுவர் எல்லாவற்றையும் அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுங்கள். உங்கள் ஓட்டைக் கழற்றும்போது அவர்கள் ஓடும் அசையும். பின்னால் சண்டை வந்தால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. அதற்கு முன் அந்தப் படங்கள் பேசும்.

8. விலைப்பட்டியலில் என்ன இருக்கவேண்டும்?

மூன்று பேரிடம் கேளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். மூவரும் ஒரே வேலைக்கு விலை சொன்னார்களா என்பதுதான் கேள்வி. "கூரை மாற்றம், ஒட்டுமொத்தம்" என்று ஒரே வரியில் வந்த விலை மலிவாகத்தான் இருக்கும், ஓட்டைக் கழற்றும்வரை. கழற்றியதும் "கட்டை உளுத்திருக்கிறது" என்பார்கள். வீடு திறந்து கிடக்கும்போது பேரம் பேச உங்களுக்குப் பலம் இல்லை.

அதனால் கையெழுத்துக்கு முன்பே, உளுத்த கட்டையை மாற்ற ஓர் அடிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ரீப்பர் புதியதா பழையதா, கரையான் மருந்து ஏற்றியதா, அடித்தாள் என்ன வகை, பள்ளத் தகடு எந்த உலோகம் எவ்வளவு தடிமன், பகிர்சுவர்ப் பட்டை சுவருக்குள் வெட்டிச் செருகப்படுமா, பீலியும் (கூரையோர நீர்வாய்க்கால்) மழைநீர்க் குழாயும் சேர்த்தா, குப்பை அகற்றுவது யார், சாரம் யார் செலவு? நான்கு மீட்டருக்கு மேல் சாரம் கட்ட மனிதவள அமைச்சு அங்கீகரித்த நிறுவனம் வேண்டும். சாரத்துக்கே விலை போடாத பட்டியலைப் பார்த்தால், ஆட்கள் எதில் நின்று வேலை செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

பணத்தைக் கட்டங்கட்டமாகக் கொடுங்கள். கடைசிப் பகுதியை முதல் கனமழைக்குப் பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பணத்துக்குப் பாதுகாப்பு தரும், பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள நிறுவனமா என்று பாருங்கள். தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை விசாரிக்கும்; இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.

9. வேலை நடக்கும்போது

தீபாவளிக்குள் முடித்துவிடவேண்டும் என்ற ஆசை நமக்கு எல்லா ஆண்டும் வரும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் தவறாமல் இடி இடிக்கும். டிசம்பர்தான் ஆண்டின் மிக அதிக மழை. கூரையைத் திறக்க பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். தீபாவளிக்குப் பெயிண்ட் மட்டும் அடியுங்கள்.

ஒரு நாளில் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவுதான் திறக்கவேண்டும். மாலையில் அவர்கள் கிளம்புமுன் தார்ப்பாய் கட்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஓட்டைக் கழற்றியதும் அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூடியபிறகு கேட்டால் பயனில்லை.

மேலே ஏறுபவர்களில் பலர் தமிழ்நாட்டுத் தம்பிகள். தண்ணீர் கொடுக்கும்போது, "அடிக்கட்டை எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். அவருடைய இடுப்பில் பாதுகாப்புப் பட்டை இருக்கிறதா, அது எதிலாவது மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைகளுக்கு இங்கே அனுமதி முறையே உண்டு. மாட்டாமல் நடந்தால் வேலையை நிறுத்தச் சொல்ல வீட்டுக்காரர் தயங்கவேண்டியதில்லை.

10. முடிந்த பிறகு

கடைசிப் பணம் கொடுக்குமுன் பழைய கசிவிடங்களில் மறுபடி குழாய்ச் சோதனை. உத்தரவாதக் கடிதத்தில் பொருளுக்கு எத்தனை ஆண்டு, கைவேலைக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாக இருக்கவேண்டும். பலருக்குப் பத்து ஆண்டு என்பது ஓட்டுக்கு மட்டும் என்று பிறகுதான் தெரிகிறது. மழைநீர்க் குழாய் மழைநீர்க் கால்வாயில்தான் இறங்கவேண்டும், கழிவுநீர்க் குழாயில் அல்ல.

பீலியில் இலை அடைத்தால் நீர் பின்னோக்கி ஏறி ஓட்டுக்கடியில் போகும், கொசுவும் முட்டையிடும். பீலியைத் துப்புரவாக வைத்து பிடிஐ கொசுமருந்து போடச் சொல்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். அதன் அதிகாரிகள் வந்து பார்க்கவும் செய்வார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, அது ஓய்ந்தபின் ஒருமுறையாவது ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யுங்கள். மரம் கூரைமேல் சாய்ந்திருக்கும் வீடுகளுக்கு இன்னும் அடிக்கடி. ஒவ்வொரு முறையும் அதே ஆளிடம் பள்ளத் தகட்டையும் பகிர்சுவர் ஓரத்தையும் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டை விற்கும் நாளில், உத்தரவாதத்தைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே கேட்டு, பதிலை அதே கோப்பில் போட்டு வையுங்கள்.